வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பாய்ப்படகு ஏறக் கிளம்புகிறவர்களுக்கு

18 வருஷம் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை பார்த்தேன். கடைசி 6 வருஷம் டெலிவரி மேனேஜர். எனக்குக் கீழே 43 பேர். 41 வயதில் பேப்பர் போட்டேன். மலேசியாவின் லங்காவித் தீவுக்குத் தனியாகப் போய், முன்பின் தெரியாத ஒரு தம்பதியின் படகில் க்ரூவாக, அதாவது படகு வேலைக்கு ஓர் ஆளாகச் சேர்ந்து, தாய்லாந்தின் புக்கெட் வரை போனேன். பெரிய சமுத்திரம் எதையும் தாண்டவில்லை, சுமார் 130 கடல் மைல்தான். ஆனால் பழைய ஆபீஸ்காரர்கள் வாரத்துக்கு ஒருவராவது "எங்கே ஆரம்பிச்சீங்க, எவ்வளவு ஆச்சு, பயமா இல்லையா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம்: படகு வாங்காதீர்கள். இந்த ஆசை வந்த முதல் வாரமே எல்லாரும் பழைய படகு விற்கும் விளம்பரங்களில்தான் போய் உட்காருகிறோம். நானும் உட்கார்ந்தேன். படகு வைத்திருப்பவருக்குக் கயிறு இழுக்கவும் இரவில் முழித்திருக்கவும் ஓர் ஆள் எப்போதும் வேண்டும். அந்த ஆளாகப் போங்கள். கடல் பிடிக்கவில்லை என்றால் அடுத்த துறையில் இறங்கிவிடலாம். சொந்தப் படகிலிருந்து அப்படி இறங்க முடியாது.

பேப்பர் போடும் முன்

நம் ஊர் கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 90 நாள். அதைச் சபிக்காதீர்கள். கையில் சம்பளச் சீட்டு இருக்கும்போது எளிதாக நடக்கும் வேலைகள் பல, அது நின்ற பிறகு இழுக்கும். வெளிநாட்டில் செல்லும் ஒரு கிரெடிட் கார்டு, வேண்டியிருந்தால் விசா, பாஸ்போர்ட் புதுப்பிப்பு எல்லாவற்றையும் அந்த மூன்று மாதத்தில் முடியுங்கள். வேலை இல்லாதவருக்கு எந்த வங்கியும் ஓடி வந்து கார்டு தராது.

கம்பெனியின் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது. ஆனால் வேலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். எனக்கு இது உறைத்தது கடைசி வாரத்தில். எச்.ஆர். பெண் நல்லவள் என்பதால் தப்பித்தேன். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: "கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் பாய்ப்படகில் இருக்கும்போது விபத்து நடந்தால் பணம் தருவீர்களா?" சாதாரண பாலிசிகள் பலவற்றில் இது இருக்காது.

பணத்தை மூன்றாகப் பிரித்தேன். ஒரு வருஷத்துக்கு அம்மாவின் மருந்து, ஃப்ளாட் பராமரிப்பு, கரண்ட் பில் முதலியவை ஒன்று. பயணச் செலவு இன்னொன்று. மூன்றாவது, திரும்பி வரும் காசு: அன்றைக்கே எடுத்தால் விமான டிக்கெட் என்ன விலையோ அது, கூடவே 10 இரவு கரையில் தங்கும் வாடகை. இது தனிக் கணக்கில், தனிக் கார்டில் இருந்தது. நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இந்த மூன்றாவது பங்கை ஒதுக்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அம்மா விஷயம் தனி. எங்களுக்குத் தூத்துக்குடி. தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக இருந்தவர். "ஏட்டி, தாத்தா போன கடலு போதாதாட்டி நம்ம குடும்பத்துக்கு?" என்றுதான் அம்மா ஆரம்பித்தாள். வாதாடவில்லை. கடற்படையின் தாரிணி படகில் ரூபா, தில்னா என்று இரண்டே பெண் அதிகாரிகள் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ரூபா புதுச்சேரிப் பெண் என்றதும் அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவளுக்குக் கவர்மெண்டு சம்பளம் குடுக்குது, ஒனக்கு யார் குடுப்பா?" என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கற்றுக்கொள்ள வேண்டியவை

நீச்சல். கடல் ஊரில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாது என்றால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விட்டதில்லை. 39 வயதில்தான், மெரினா நீச்சல் குளத்தில், பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டேன்.

அடுத்தது சின்னப் படகு. சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் அங்கேதான். ஓரிருவர் உட்காரும் டிங்கியில் காற்று எங்கிருந்து வருகிறது என்பது பிடரியிலேயே தெரிய ஆரம்பிக்கும். கவிழ்வீர்கள். துறைமுகத் தண்ணீரைக் குடிப்பீர்கள். பரவாயில்லை.

மூன்றாவது, ஐந்து நாள் படகிலேயே தங்கிப் படிக்கும் காம்பிட்டன்ட் க்ரூ வகுப்பு. பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் பாடத்திட்டம் அது. முன் அனுபவம் எதுவும் கேட்கமாட்டார்கள். உலகம் முழுக்க இந்தச் சான்றிதழைப் புரிந்துகொள்வார்கள். நான் லங்காவியில் படித்தேன். படித்த இடத்திலேயே படகுகளும் நிற்கின்றன, படகுக்காரர்களும் சுற்றுகிறார்கள் என்பது பெரிய வசதி.

அங்கே முதல் நாள் முழுக்க ஒரு சொல்லால் குழம்பினேன். ஷீட் என்றால் பாய் என்று நினைத்துவிட்டேன். ஷீட் என்பது பாயின் மூலையில் கட்டி இழுத்துப் பிடிக்கும் கயிறு. தாத்தா அதைத் தாமான் என்பார். பாயை மேலே ஏற்றும் கயிறு ஹேல்யார்ட். அது தாத்தாவுக்கு ஆஞ்சான். இரவு படுக்கையில் கிடந்தபடி இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு மறக்கவே இல்லை.

முடிச்சுகளை வீட்டிலேயே பழகுங்கள். போலைன், க்ளோவ் ஹிட்ச், எட்டு முடிச்சு, க்ளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) கயிறு சுற்றுவது, இந்த நான்கும் போதும். பால்கனித் துணிக்கொடியில், கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை போடுங்கள். படகில் அவற்றை இருட்டில்தான் கேட்பார்கள்.

எந்த மாதம், எந்த இடம்

லங்காவியிலிருந்து புக்கெட் பக்கம் போக டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குக் காற்று வீசும். தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் என்பதால் கரை மறைத்துக்கொள்ளும், அலை பெரிதாக எழாது. தூத்துக்குடியில் மார்கழியில் வாடை என்று போர்வையை இழுத்துக்கொள்கிறோமே, அதே பருவம்தான். வடக்கு, வடமேற்காகப் போகும் படகுக்கு அது பக்கவாட்டிலிருந்து வரும். கற்றுக்குட்டிக்கு இதைவிடச் சௌகரியமான காற்று கிடைக்காது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவம். அப்போது மலாக்கா நீரிணையில் இரவில் திடீரென்று சுமாத்ரா என்கிற சூறைக்காற்று வரிசையாக வரும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகைகள் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் போடும் அன்று அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். நான் கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் ஆராவ், அங்கிருந்து டாக்ஸியில் கோலா பெர்லிஸ், பிறகு ஒன்றேகால் மணி நேர ஃபெர்ரி என்று போனேன். நேரே விமானத்தில் லங்காவிக்கே போகலாம். எனக்கு அவசரம் இல்லை. 18 வருஷத்தில் அவசரம் இல்லாமல் போன முதல் பயணம் அது.

சென்னை விமான நிலையத்தில்தான் ஒரு சிக்கல். படகில் வெளியேறப் போகிறவளிடம் திரும்பும் டிக்கெட் எப்படி இருக்கும்? ஸ்கிப்பரின், அதாவது படகுத் தலைவரின் கடிதத்தைக் காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் அதை ஏதோ கல்யாணப் பத்திரிகையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். அங்கேயே நின்றபடி போனில், ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட் ஒன்று எடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். நீங்கள் முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிப்பரைத் தேர்ந்தெடுப்பது

ஃபைண்ட் எ க்ரூ, க்ரூபே போன்ற தளங்களில் பெயர் பதியலாம். லங்காவியில் குவா ஊரின் ராயல் லங்காவி யாட் கிளப், தெலாகா துறை, ரெபாக் தீவு ஆகிய இடங்களில் அறிவிப்புப் பலகைகளும் உணவகங்களும் அதைவிட நன்றாக வேலை செய்யும். ஆளை நேரில் பார்க்கலாம் என்பதுதான் காரணம்.

நான் சேர்ந்த முதல் படகு இணையத்தில் கிடைத்தது. பேச்சில் கண்ணியமான மனிதர். வீடியோ அழைப்பில் படகு பளபளவென்று இருந்தது. ஏறிய அன்று மாலை நான்கு மணிக்கே பீர் திறந்தார். சரி, நங்கூரத்தில்தானே நிற்கிறோம் என்று விட்டேன். அடுத்த நாள் ஓடும்போதும் திறந்தார். அன்று மதியம் உயிர்காப்புத் தெப்பத்தின் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். அடுத்த சர்வீஸ் என்று போட்டிருந்த தேதி ஆறு வருஷத்துக்கு முந்தையது. கேட்டேன். "அதைத் திறக்கும் நிலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்தார். மூன்றாம் நாள் காலை தெலாகாவில் டீசல் போட நின்றபோது பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். சண்டை போடவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. மூன்றாவது கணக்கின் கார்டைத் தேய்த்து ஒரு லாட்ஜில் நான்கு நாள் இருந்தேன். அந்தக் காசு இல்லாமல் இருந்திருந்தால் "போகட்டும், ஒரு வாரம்தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதே படகில் உட்கார்ந்திருப்பேன். ஆபீஸில் எத்தனை வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு, ஏறுவதற்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுகிறேன். தெப்பத்தின் சர்வீஸ் தேதியும், ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் எபர்ப் கருவியின் பேட்டரி தேதியும் என்ன? எனக்கென்று லைஃப் ஜாக்கெட்டும், உடம்பைப் படகோடு பிணைக்கும் வாரும் உண்டா? மொத்தம் எத்தனை பேர், நான் தூங்கும் இடத்துக்குக் கதவு உண்டா? ஓடும்போது குடிப்பீர்களா? சாப்பாடு, டீசல் செலவில் என் பங்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? கடைசியாக, முன்பு உங்களோடு வந்த ஒரு பெண்ணின் தொடர்பு கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரின் படகில் ஏறாதீர்கள். நல்ல ஸ்கிப்பர் சந்தோஷமாகத் தருவார். உங்களைப் பற்றியும் அதே மாதிரி விசாரிப்பார். அதுவும் சரிதான்.

இரண்டாவது படகு 38 அடி. அறுபதைத் தாண்டிய நியூசிலாந்துத் தம்பதி. இரவில் காவலுக்கு இன்னும் ஓர் ஆள் இருந்தால் இருவருக்கும் தூக்கம் கிடைக்கும் என்று பலகையில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். முதலில் ஒரு பகல் ஓட்டம், பிறகு ஒரு வாரம் தீவுகளுக்கு இடையே ஓடி ஒவ்வோர் இரவும் நங்கூரம், அதற்கப்புறம்தான் புக்கெட் என்று பேசிக்கொண்டோம். இந்த வரிசையை நீங்களும் விடாதீர்கள்.

மூட்டை

சூட்கேஸ் கூடாது. படகில் அதை வைக்க இடமில்லை. மடித்து ஒளிக்கக்கூடிய துணிப்பை. தரையில் கறை பிடிக்காத வெளிர் அடி வைத்த செருப்பு, நெற்றி விளக்கு (சிவப்பு வெளிச்சம் வருவது, இருட்டுக்குப் பழகிய கண் கெடாது), கண்ணாடிக்குக் கயிறு, கையுறை, மெல்லிய மழைக்கோட்டு. பவர் பேங்க் 100 வாட்-மணிக்கு மேல் போகாமல், கைப்பையில். தானாக ஊதும் லைஃப் ஜாக்கெட்டை இங்கிருந்து தூக்கிப் போகாதீர்கள். அதன் காஸ் குப்பிக்கு விமானக் கம்பெனியின் முன் அனுமதி வேண்டும். நான் கூடுதலாக எடுத்துப் போனது ஒரு மூன்று லிட்டர் பிரஷர் குக்கர். தோழிகள் சிரித்தார்கள்.

படகில் ஏறிய பிறகு

நமக்குள் இருக்கும் மேனேஜரைக் கரையில் விடுவதுதான் கஷ்டம். வகுப்பின் மூன்றாம் நாள், நங்கூரம் போடும் முறையை இன்னும் சீராக்கலாம் என்று பயிற்சியாளருக்கு யோசனை சொன்னேன். அவருக்கு 26 வயது இருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சங்கிலி எத்தனை மீட்டர் போயிருக்கிறது?" என்றார். நான் எண்ணவில்லை. எண்ணுவதுதான் என் வேலை. ஆழத்தைப் போல நான்கைந்து மடங்கு சங்கிலி போனால்தான் நங்கூரம் படுத்துக் கடலடியைக் கடிக்கும். அணியத்தில் (படகின் முன்பக்கம்) நிற்பவள் எண்ணாவிட்டால் சுக்கானில் இருப்பவருக்கு வேறு வழியில் தெரியாது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம்: சொன்னதைத் திரும்பச் சத்தமாகச் சொல்லிவிட்டுச் செய்வது. "ஷீட்டை விடு" என்றால் "ஷீட் விடுறேன்." ஏன் என்ற கேள்வி நங்கூரம் விழுந்து டீ வந்த பிறகு. ஆபத்து கண்ணில் பட்டால் மட்டும் உடனே கத்த வேண்டும்.

சின்ன விஷயங்கள்தான் உங்களை நல்ல க்ரூ ஆக்கும். வின்ச்சில் (கயிற்றை இழுக்கும் உருளையில்) கயிறு எப்போதும் கடிகாரச் சுற்று; விரல் அதற்கும் கயிற்றுக்கும் நடுவில் போகக் கூடாது. படகு துறையில் மோதப் போகிறது என்றால் காலை நீட்டாதீர்கள், அதன் எடை டன் கணக்கு. கழிவறையில், வாய் வழியாக உள்ளே போனதைத் தவிர வேறு எதுவும் போடக் கூடாது. காகிதம் தனி வாளியில். அடைத்துக்கொண்டால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியது நீங்கள்தான். அடுப்பை அணைத்ததும் காஸ் வால்வையும் மூடுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் ஜன்னல் வழியாகப் போய்விடும்; படகில் அடித்தட்டுக் குழியில் இறங்கித் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பாத்திரத்தை முதலில் கடல் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரவே வேண்டாம்.

குக்கர் என்ன ஆயிற்று என்றால், முதல் நாள் ரசமும் பருப்புச் சாதமும் வைத்தேன். ஆடும் படகில் மூடி பூட்டிய பாத்திரம் சிந்தாது, காஸும் மிச்சம். அன்றிலிருந்து மதியச் சமையல் என்னுடையது, என் பங்கு டீசல் காசு பாதியாகக் குறைந்தது.

குமட்டல்

வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை. அவோமின் மாதிரி மாத்திரை எது உங்களுக்குச் சரி என்று டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முந்தின இரவே போடுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு மாத்திரை வயிற்றில் நிற்காது. சில மாத்திரைகள் தூக்கம் தரும், அதனால் வீட்டில் ஒருநாள் போட்டுப் பாருங்கள். உள்ளே போய்ப் படுக்காதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். தொடுவானத்தைப் பாருங்கள். முடிந்தால் சுக்கானைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறைவு, பஸ்ஸில் டிரைவர் வாந்தி எடுத்துப் பார்த்ததில்லையே. எடுத்தே ஆக வேண்டும் என்றால் காற்று போகும் பக்கம் குனியுங்கள், வாரை மாட்டிக்கொண்டு.

அந்த ஓர் இரவு

தெலாகாவில் குடிநுழைவு, சுங்கம், துறைமுக அனுமதி மூன்றையும் முடித்துக் காலை எட்டரைக்குக் கிளம்பினோம். என் காவல் இரவு ஒன்பது முதல் பன்னிரண்டு, பிறகு விடியற்காலை மூன்று முதல் ஆறு. விதி ஒன்றுதான்: தனியாக மேலே இருக்கும்போது வார் மாட்டியே இருக்க வேண்டும், யாரையும் எழுப்பாமல் அணியத்துக்குப் போகக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். தாய்லாந்துக் கடலில் கணவாய் பிடிக்கும் படகுகள் பச்சை விளக்கு போட்டு வானத்தையே பச்சையாக்கி வைத்திருக்கும். தூரம் கணிக்கவே முடியாது. பயம் காட்டியது அவை அல்ல. விளக்கே இல்லாத சின்னப் படகு ஒன்று முப்பது மீட்டரில் திடீரென்று டார்ச் அடித்தது. ஸ்கிப்பரைக் கத்தி எழுப்பினேன். அதற்குள் அது விலகிவிட்டது. எழுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எழுப்பாமல் இருந்திருந்தால்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். நள்ளிரவுக்குப் பின் காற்று செத்துவிட்டது. மீதி தூரம் பெரும்பாலும் எஞ்சின்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மதியம் சலோங் விரிகுடாவில் நங்கூரம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினோம்.

இறங்கும்போது

இதைப் பலர் மறந்து மாட்டிக்கொள்கிறார்கள். படகில் வந்தவர் பெயர் அந்தப் படகின் க்ரூ பட்டியலில் இருக்கும். நீங்கள் விமானத்தில் கிளம்பப் போகிறீர்கள் என்றால், குடிநுழைவு அலுவலகத்தில் ஸ்கிப்பரோடு நேரில் போய்ப் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாட்டுக்குக் கிளம்பும்போது ஓர் ஆள் குறைகிறதே என்று அவரைப் பிடிப்பார்கள். பாஸ்போர்ட்டை அனுமதி வேலைக்காக ஸ்கிப்பரிடம் கொடுத்திருந்தால் அன்றே திரும்ப வாங்குங்கள். என்ன காரணம் சொன்னாலும் அது அவர் டிராயரில் தூங்கக் கூடாது. ஒரு நோட்டில் தேதி, மைல், இரவுக் காவல் எத்தனை என்று எழுதி அவர் கையெழுத்தும் வாங்குங்கள். அடுத்த ஸ்கிப்பர் பார்க்க விரும்புவது அதைத்தான், ரிலீவிங் லெட்டரை அல்ல.

சலோங் கரையில் எல்லா அலுவலகமும் ஒரே இடத்தில் இருக்கிறது. பட்டியலில் என் பெயரை அடித்ததும் வெளியே வந்தோம். பிப்ரவரியில் திரும்ப லங்காவிக்கு வருகிறோம், வருவாயா என்று அந்த நியூசிலாந்து அம்மா கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசி. குக்கரை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போ" என்றார். விட்டுவிட்டு வந்தேன்.